எழுதிக் கொடுக்குமுன் ஒரு வரி

மட்டக்களப்பில் வீடு மகளுக்குத்தான். வாவிக்கு மேற்கே படுவான்கரையில், வவுணதீவு, கன்னன்குடா, ஆயித்தியமலை என்று எங்கே கேட்டாலும் இதே கதைதான். மூத்தவளுக்குக் கல்யாணம் பேசும்போதே குடியிருக்கும் வளவு சீதனமாகப் போய்விடும். தாயும் தகப்பனும் அதே வளவின் மூலையில் ஒரு சின்ன வீட்டைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். இளையவளின் முறை வரும்போது அதுவும் போகும். பிள்ளைகள் எல்லாரும் கரைசேரும்போது பெற்றவர்களின் பெயரில் ஒரு முழக் காணிகூட மிஞ்சாது.

வழக்கத்தைக் குறை சொல்ல வரவில்லை. யுத்த காலத்தில் புருஷனை இழந்த எத்தனையோ பெண்கள் பிள்ளைகளோடு தெருவுக்கு வராமல் இருந்ததற்கு, வீடு அவர்கள் பெயரில் இருந்ததும் ஒரு காரணம். குறை வேறிடத்தில் இருக்கிறது. கொடுப்பவர்கள் தங்களுக்கென்று உறுதியில் ஒரு வரி எழுதி வைப்பதில்லை.

அந்த வரிதான் சீவிய உரித்து. வீட்டின் உரிமை மகளுக்குப் போகும். ஆனால் பெற்றவர்கள் உயிரோடு இருக்கும்வரை அங்கே குடியிருக்கவும், வளவின் வருமானத்தை அனுபவிக்கவும் அவர்களுக்கு உரித்து நிற்கும். மகளோ மருமகனோ அவர்களை வெளியே போகச் சொல்ல முடியாது. யாராவது அந்த வீட்டை வாங்கினாலும் இந்த உரித்தோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும். நொத்தாரிசு உறுதி எழுதும்போது சொன்னால் போதும். இதற்கென்று வேறு பத்திரம் தேவையில்லை.

"எங்களில நம்பிக்கை இல்லையா மாமி?" என்று மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிப்பார்கள் என்ற கூச்சம்தான் பலரைத் தடுக்கிறது. ஆனால் இது மருமகனின் குணத்தைப் பற்றிய கேள்வியே அல்ல. மகள் முந்திப் போய்விட்டால் என்ன நடக்கும்? தாய்வழிச் சொத்து தாய்வழியிலேயே நிற்கும் என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். அந்த நினைப்பு வெறும் கற்பனையல்ல. மட்டக்களப்பிலும் புத்தளத்திலும் ஒருகாலத்தில் முக்குவர் சட்டம் என்றே ஒன்று நடைமுறையில் இருந்தது. முதுசொத்து வயிற்றுவார் என்னும் தாய்வழியே இறங்கியது. கோயில் உரிமைகளில் குடி முறை இன்றும் பேசப்படுகிறது. ஆனால் சொத்து விடயத்தில் அந்தச் சட்டம் 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு முடிந்துவிட்டது. அதன்படி, மரணசாசனம் எழுதாமல் ஒருவர் இறந்தால் அவருடைய சொத்தில் பாதி உயிரோடிருக்கும் கணவனுக்கோ மனைவிக்கோ போகும். மறுபாதி பிள்ளைகளுக்குச் சமமாக, ஆண் பெண் என்ற பேதம் இல்லாமல். அதாவது, தாய் வீட்டை மகளுக்கு முழுதாக எழுதிக் கொடுத்தபின் மகள் இறந்தால், வீட்டில் பாதி மருமகனுடையது. அவர் மறுமணம் செய்தாலும் அது அவருடையதுதான். சீவிய உரித்து இல்லாத கிழவி அந்த வீட்டில் விருந்தாளி.

வடமாகாணத் தமிழருக்கான தேசவழமைச் சட்டம் நமக்கும் உண்டென்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். மட்டக்களப்புத் தமிழருக்கு அது பொருந்தாது. இங்கே பொதுச் சட்டம்தான்.

இதற்கு நேரெதிரான ஆபத்து ஒன்றும் உண்டு. பந்தலில் ஊரறிய "வீடு மகளுக்கு" என்று சொல்லிவிட்டு உறுதி முடிக்காமலே விடுகிற குடும்பங்கள் ஏராளம். 1840ஆம் ஆண்டிலிருந்தே இந்த நாட்டில் காணியை வாய்ச்சொல்லால் கைமாற்ற முடியாது. நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுத வேண்டும். எழுதாவிட்டால் வீடு சட்டப்படி பெற்றவர் பெயரிலேயே கிடக்கும். அவர்கள் கண்மூடிய மறுநாள் ஆண்பிள்ளைகளுக்கும் அதில் சமபங்கு. இருபது வருடம் அந்த வீட்டைப் பராமரித்த மகள் அண்ணன் தம்பியோடு வழக்கு மன்றில் நிற்பது இப்படித்தான்.

இனி, இந்தப் பகுதியில் எல்லாவற்றுக்கும் முன்னே கேட்க வேண்டிய கேள்வி: கையில் இருப்பது உறுதியா, அனுமதிப்பத்திரமா? படுவான்கரையில் வயலாகவும் மேட்டுக்காணியாகவும் இருப்பதில் அரச காணி நிறைய. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கிய அனுமதிப்பத்திரமும் அளிப்புப்பத்திரமும் தனியார் உறுதியைப் போன்றவை அல்ல. பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் அவற்றை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. வெள்ளைத் தாளில் எழுதிக் காசு கைமாறினாலும் காணி கைமாறாது. பின்னுரித்தாளர் யார் என்பதை உயிரோடு இருக்கும்போதே பெயர் குறித்துப் பதிவு செய்ய வேண்டும். வவுணதீவில் அதற்கு மண்முனை மேற்கு பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குப் போக வேண்டும்.

பெயர் குறிக்காமல் இறந்தால் யாருக்குப் போகும் என்பதற்குச் சட்டம் ஒரு வரிசை வைத்திருக்கிறது. அந்த வரிசையில் மகனுக்குப் பின்தான் மகள் என்று பல தசாப்தங்கள் இருந்தது. மகளுக்கு வீடு கொடுக்கும் மட்டக்களப்பில் அரசாங்கக் காணி மட்டும் மூத்த மகனைத் தேடிப்போனது இதனால்தான். 2022இல் வந்த திருத்தம் அந்தப் பாகுபாட்டை நீக்கியது. பெயர் குறித்தாலும் குறிக்காவிட்டாலும் கணவனை இழந்த மனைவிக்கு முதல் உரிமை உண்டு. ஆனால் இறப்பு நடந்து ஆறு மாதத்துக்குள் அவர் காணியைப் பொறுப்பேற்க வேண்டும். துக்கத்தில் தாய் வீட்டுக்குப் போய் ஒரு வருடம் இருந்துவிட்டு வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மனைவி என்று காட்ட விவாகப் பதிவும் வேண்டும். பதிவில்லாத கல்யாணமும் சட்டப்படி செல்லுபடியாகலாம். அதை நிரூபிக்க அலைவது வேறு கதை. கணவன் காணாமற்போய் மரணச் சான்றிதழும் எடுக்க மனமில்லாத பெண்களுக்கு, வேறொரு சட்டத்துக்கு 2016இல் வந்த திருத்தத்தின்படி, காணாமற்போனவர் என்பதற்கான சான்றிதழ் பெற வழியுண்டு.

எழுதிக் கொடுத்தாகிவிட்டது, இப்போது சோறு போடவும் ஆளில்லை என்றால்? கதவு முழுதாக மூடிவிடவில்லை. நன்கொடை பெற்றவர் கொடுத்தவருக்குக் கொடிய நன்றிகேடு செய்தால், மீளப்பெற முடியாதது என்று எழுதிய நன்கொடை உறுதியையும் மாவட்ட நீதிமன்றத்தின் மூலம் இரத்துச் செய்யலாம். 2017இல் இதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. கொடுத்தவர் நினைத்தபோது நொத்தாரிசிடம் போய் இரத்து உறுதி எழுதினால் செல்லாது, வழக்குத்தான். வழக்குப் போடக் காலவரையறையும் உண்டு, ஆதலால் "அவன் மாறுவான்" என்று பொறுத்திருப்பது கெடுதி. உறுதியை மீட்க விருப்பமில்லை, மாதச் செலவுக்கு வழி வந்தால் போதும் என்பவர்களுக்கு 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தன்னைத்தானே பராமரிக்க முடியாத பெற்றோர் அதன் கீழுள்ள பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பித்தால், பிள்ளைகள் மாதாமாதம் பணம் கொடுக்க வேண்டுமென்று சபை உத்தரவிடலாம். அடி, ஏச்சு, மிரட்டல் என்று போனால் 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் தாய் தகப்பனையும் காக்கும். நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம்.

மரணசாசனத்தைப் பற்றி ஊரில் ஒரு பயம்: எழுதினால் ஆயுள் குறையும் என்று. அதற்கு மருந்தில்லை. ஆனால் எழுதுவது எளிது. நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் போதும். நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள். பங்கு பெறப்போகிற யாரையும் சாட்சியாக வைக்காதீர்கள். சொத்தை யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிக்கும் முழுச் சுதந்திரமும் எழுதுபவருக்கு உண்டு. பிடிக்காத பிள்ளைக்கும் கட்டாயப் பங்கு என்று எதுவும் இல்லை. எழுதியபின் கல்யாணம் செய்தால் பழைய சாசனம் செல்லாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். நன்கொடை உறுதியைவிட முதியவருக்கு இது பாதுகாப்பானது என்பது என் எண்ணம். உயிரோடிருக்கும்வரை எதுவும் கைவிட்டுப் போகாது. மனம் மாறினால் மாற்றியும் எழுதலாம்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. அவசரத்துக்குக் கடன் வாங்கப் போனால் சிலர் ஈட்டு உறுதி என்று சொல்லிவிட்டு அறுதி உறுதியில் கையொப்பம் வாங்குகிறார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் காணி திரும்பாது; மீட்க நீதிமன்றப் படி ஏற வேண்டும். வாசிக்கத் தெரியாதவருக்கு உறுதியை வாசித்து விளக்கிச் சொல்வது நொத்தாரிசின் சட்டக் கடமை. தமிழில் வாசிக்கச் சொல்லுங்கள், விளங்கும்வரை கேளுங்கள், வெறும் தாளில் பெருவிரல் வைக்காதீர்கள்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு மட்டக்களப்பில் இயங்குகிறது. பெட்டியில் இருக்கும் பத்திரங்களை இந்தக் கிழமையே எடுத்துப் பாருங்கள்; உறுதியா அனுமதிப்பத்திரமா, யார் பெயரில் இருக்கிறது, பின்னுரித்தாளர் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பிள்ளைக்குக் கல்யாணத் திகதி குறிக்கும் முன்னரே நொத்தாரிசிடம் போங்கள்.