மூடிய வகை ஹெட்போன்: பயணத்திற்கும் ஒலிப்பதிவுக்கும் தேர்வு செய்தல்

மூடிய வகை ஹெட்போன் என்பது காதின் மேல் அமரும் கிண்ணத்தின் பின்புறம் திறப்பின்றி மூடப்பட்ட ஹெட்போன் ஆகும். வெளி இரைச்சல் காதுக்குள் நுழைவதையும், ஹெட்போனின் ஒலி வெளியே கசிவதையும் இது குறைக்கிறது. ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடுவோர், இசைக்கருவி வாசிப்போர், பின்னணிக் குரல் கொடுப்போர் ஆகியோரும், பேருந்து, ரயில், விமானப் பயணிகளும் இவ்வகையையே பெரிதும் பயன்படுத்துகின்றனர். இரண்டு இடங்களிலும் இதன் பயனைத் தீர்மானிப்பது விலையோ வணிகப்பெயரோ அன்று. காதைச் சுற்றித் திண்டு எவ்வளவு இடைவெளியின்றிப் பொருந்துகிறது என்பதே ஆகும். பொருத்தம் சரியில்லாவிட்டால் கூடத்தில் பதிவு கெடும். பயணத்தில் ஒலியைக் கூட்டிவைத்துக் கேட்பதால் செவித்திறன் கெடும்.

அமைப்பு

ஹெட்போனின் ஒவ்வொரு கிண்ணத்திலும் டிரைவர் எனப்படும் ஒரு சிறு ஒலிபெருக்கி உள்ளது. அதன் சவ்வு அதிரும்போது முன்பக்கமும் பின்பக்கமும் ஒலி உண்டாகிறது. திறந்த வகையில் பின்பக்க ஒலி வலைத் துளைகள் வழியே வெளியேறிவிடும். மூடிய வகையில் அது கிண்ணத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

காதைச் சுற்றியுள்ள மெத்தையான திண்டு தலையோடு ஒட்டி ஓர் அடைப்பை உருவாக்குகிறது. மூடிய வகையில் தாழ்ந்த சுருதி ஒலிகள் முழுமையாகக் கேட்க இந்த அடைப்பு தேவை. கண்ணாடியின் காம்பு, பெரிய தோடு, ஜிமிக்கி, திண்டுக்கு அடியில் சிக்கும் முடி ஆகியவை சிறு இடைவெளியை உண்டாக்கினாலும் தாழ்ந்த ஒலிகள் குறைந்துவிடும். வெளி இரைச்சலும் உள்ளே வரும். ஒரே ஹெட்போனை ஒருவர் நன்றாக இருக்கிறது என்பதற்கும் மற்றொருவர் சப்பென்று இருக்கிறது என்பதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

திண்டின் அளவைப் பொறுத்து இவை இரு வகைப்படும். காது முழுவதையும் சுற்றி அமர்வது ஒரு வகை. காது மடலின் மேல் அமர்வது மற்றொரு வகை. நீண்ட நேரப் பயன்பாட்டுக்கு முதல் வகை பொதுவாக வசதியானது.

வரலாறு

1910 ஆம் ஆண்டு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியேல் பால்ட்வின், தம் வீட்டுச் சமையலறையில் செய்த ஹெட்போன்களை அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். 1937 இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் டி.டி. 48 என்ற டைனமிக் வகை ஹெட்போனை வெளியிட்டது. 1958 இல் அமெரிக்காவின் காஸ் நிறுவனம் ஸ்டீரியோ இசை கேட்பதற்கான எஸ்.பி./3 ஐ அறிமுகப்படுத்தியது. 1968 இல் சென்ஹைசர் நிறுவனத்தின் எச்.டி. 414 வந்த பிறகு திறந்த வகை பரவலானது. வீட்டில் அமைதியாக இசை கேட்போர் திறந்த வகையை விரும்பினாலும், பதிவுக் கூடங்களில் பாடுவோருக்கும் வாசிப்போருக்கும் மூடிய வகையே நிலைத்தது.

பயணத்திற்கான ஹெட்போன்களின் வரலாற்றில் வங்காளத்திலிருந்து அமெரிக்காவில் குடியேறியவரின் மகனான அமர் போஸ் குறிப்பிடத்தக்கவர். 1978 இல் சூரிக்கிலிருந்து பாஸ்டனுக்குச் சென்ற விமானத்தில், எஞ்சின் இரைச்சலால் ஹெட்போனில் இசை கேட்க முடியாமல் போகவே, இரைச்சல் நீக்கம் பற்றி அவர் சிந்திக்கத் தொடங்கினார். அவரது நிறுவனம் 1989 இல் விமானிகளுக்கும், 2000 இல் பொதுப் பயணிகளுக்கும் இரைச்சல் நீக்கும் ஹெட்போன்களை வெளியிட்டது.

சென்னைச் சூழல்

இரு பயன்பாடுகளும் ஒரே நாளில் ஒருவருக்குத் தேவைப்படுவதற்குச் சென்னையின் ஈக்காட்டுத்தாங்கல் நல்ல எடுத்துக்காட்டு. உள்வட்டச் சாலையில் கத்திப்பாராவுக்கும் அசோக் நகருக்கும் இடையே உள்ள இப்பகுதியில் கிண்டித் தொழிற்பேட்டையும் மென்பொருள் அலுவலகங்களும் ஜெயா தொலைக்காட்சியும் அமைந்துள்ளன. இங்குள்ள மெட்ரோ நிலையம் 2015 ஜூன் 29 அன்று ஆலந்தூர் – கோயம்பேடு பகுதியுடன் திறக்கப்பட்டது. வடக்கே இரண்டாவது நிலையம் வடபழனி. கோடம்பாக்கம், சாலிகிராமம் பகுதிகளின் ஒலிப்பதிவு, டப்பிங் கூடங்கள் அதன் சுற்றுவட்டாரத்தில் உள்ளன. தெற்கே அடுத்த நிலையமான ஆலந்தூரில் மாறினால் விமான நிலையம் செல்லலாம். மேம்பால ரயிலிலும் நெரிசலான சாலையிலும் பயணம் செய்து, அதே ஹெட்போனுடன் கூடத்தில் அமரும் தொழில்நுட்பக் கலைஞர்களுக்கு ஒரே கருவி இரண்டுக்கும் பொருந்துமா என்பது நடைமுறைக் கேள்வி.

ஒலிப்பதிவுக் கூடத்தில்

முற்காலத்தில் திரைப்படப் பாடல்களில் பாடகரும் இசைக்குழுவினரும் சேர்ந்தே பதிவு செய்தனர். பல தடங்களில் பதிவு செய்யும் முறை வந்தபின், பாடகர் முன்பே பதிவான இசையை ஹெட்போனில் கேட்டுக்கொண்டு தனியே பாடுவது வழக்கமாயிற்று. ஏ. ஆர். ரகுமான் 1989 இல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டோடு பஞ்சதன் ரெக்கார்ட் இன் கூடத்தை அமைத்தார். இன்று ஒரு கணினியும் மைக்கும் கொண்டு வீட்டு அறையிலேயே பதிவு செய்வோர் பலர். பெரிய கூடமாயினும் சிறிய அறையாயினும் ஹெட்போனின் பணி ஒன்றே: பாடுபவருக்கு இசை கேட்க வேண்டும், அது மைக்குக்குக் கேட்கக் கூடாது.

ஹெட்போனிலிருந்து வெளியேறும் ஒலி மைக்கில் பதிவாவது ஒலிக்கசிவு எனப்படுகிறது. இதனால் ஏற்படும் சிக்கல்கள்:

• தாளத்துக்காக ஒலிக்கும் 'டிக் டிக்' ஒலி, பாடல் வரிகளுக்கு இடையிலான அமைதியில் பதிவாகிவிடும். குரலின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும்போது அது மேலும் எடுப்பாகக் கேட்கும்.
• பாடகருக்காகப் போடப்பட்ட தற்காலிக கீபோர்டு இசை பின்னர் மாற்றப்பட்டாலும், கசிந்த பழைய இசை குரல் தடத்தில் தங்கிவிடும்.
• டப்பிங்கில் மூல மொழி வசனம் புதிய குரலின் பின்னால் மெல்லக் கேட்கும்.

குரலோடு சேர்ந்து பதிவான கசிவைப் பிரித்தெடுப்பது கடினம். பெரும்பாலும் மீண்டும் பாடவேண்டி வரும். ஆகவே பதிவுக்கான ஹெட்போனில் ஒலியின் நயத்தைவிடக் கசிவின்மையே முதன்மையானது.

இதில் மற்றொரு இடர்ப்பாடும் உண்டு. காதுகளை மூடிக்கொண்டு பாடும்போது சொந்தக் குரல் எலும்பு வழியே குடத்துக்குள் பேசுவதுபோல முழங்கும். சுருதியைக் கணிப்பது கடினமாகும். அதனால் பாடகர் பலர் ஒரு காதைத் திறந்துவைத்துப் பாடுவர். அப்போது திறந்த பக்கக் கிண்ணத்திலிருந்து ஒலி மைக்குக்குப் பாய்கிறது. அந்தப் பக்கத்து ஒலியை மிக்சரில் நிறுத்திவிடுவது அல்லது கிண்ணத்தைக் காதுக்குப் பின்னால் தலையோடு ஒட்டிவைப்பது இதற்குத் தீர்வு.

கம்பியில்லாப் புளூடூத் இணைப்பு பதிவுக்குப் பயன்படாது. அதில் ஒலி வந்துசேர 100 மில்லி நொடிக்கு மேல் ஆவது இயல்பு. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. ஆகவே 100 மில்லி நொடித் தாமதம் என்பது 34 மீட்டர் தள்ளி நிற்கும் மிருதங்கக்காரருக்குப் பாடுவது போன்றது. தாளம் நிற்காது. பதிவுக்குக் கம்பி இணைப்பே வேண்டும்.

பயணத்தில்

பயணத்தில் வரும் இரைச்சலை இரண்டாகப் பிரிக்கலாம். எஞ்சின், சக்கரம், குளிர்சாதனம் ஆகியவற்றின் தொடர்ச்சியான தாழ்ந்த உறுமல் ஒன்று. பேச்சு, ஹாரன், பாத்திர ஒலி போன்ற உயர்ந்த ஒலிகள் மற்றொன்று. மூடிய கிண்ணம் இரண்டாவதை நன்றாகத் தடுக்கும். முதலாவதைக் குறைவாகவே தடுக்கும்.

இரைச்சல் நீக்கும் ஹெட்போனில் உள்ள மைக்குகள் வெளி ஒலியைக் கேட்டு, அதற்கு நேரெதிரான அலையை உண்டாக்கி அதை அடக்குகின்றன. இம்முறை பெரும்பாலும் 1000 ஹெர்ட்சுக்குக் கீழான தொடர் ஒலிகளில்தான் சிறப்பாக வேலை செய்கிறது. எனவே விமானத்தில் இது பேருதவி. அருகில் அழும் குழந்தையின் குரலுக்கோ திடீர் ஹாரனுக்கோ அவ்வளவு பயன் தராது. அவற்றைத் தடுப்பது திண்டின் அடைப்புதான்.

பயணத்துக்கு மடக்கும் வசதி, எடை, பையில் நசுங்காத உறை ஆகியவையும் முக்கியம். மின்கலம் தீர்ந்தாலும் கம்பி வழியே இயங்குமா என்று பார்க்க வேண்டும்.

சாலையைக் கடக்கும்போதும், ரயில் நிலையத்திலும், வண்டி ஓட்டும்போதும் இவ்வகை ஹெட்போனை அணியக் கூடாது. வெளி ஒலியைத் தடுக்கும் அதே குணம், வரும் ரயிலின் ஒலியையும் தடுத்துவிடும்.

செவிப் பாதுகாப்பு

உலக சுகாதார அமைப்பின் பாதுகாப்பான கேட்டல் நெறிமுறைப்படி, பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபெல் என்பது வரம்பு. குழந்தைகளுக்கு அது 75 டெசிபெல். ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் ஒலியின் ஆற்றல் இரு மடங்காவதால், கேட்கக்கூடிய நேரம் பாதியாகும். 83 டெசிபெல்லில் வாரம் 20 மணி நேரம். 90 டெசிபெல்லில் வாரம் 4 மணி நேரம் மட்டுமே.

மூடிய வகையின் உண்மையான மதிப்பு இங்குதான் தெரிகிறது. பேருந்துக்குள் இரைச்சல் 80 டெசிபெல் என்று கொள்வோம். வெளி ஒலியைத் தடுக்காத ஹெட்போனில் பாட்டுத் தெளிவாகக் கேட்க 90 டெசிபெல் வரை கூட்டவேண்டியிருக்கும். தினமும் ஒரு மணி நேரம் பயணம் செய்பவர் நான்கே நாளில் வார வரம்பைத் தொட்டுவிடுவார். 15 டெசிபெல் தடுக்கும் ஹெட்போனில் அதே பாட்டை 75 டெசிபெல்லில் கேட்கலாம்; வரம்புக்குள் நாள் முழுதும் கேட்க முடியும். ஆனால் இரைச்சலைத் தடுத்த பிறகும் பழக்கத்தால் ஒலியைக் கூட்டியே வைத்தால் இந்தப் பயன் கிடைக்காது.

இரைச்சலால் உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் அவை மீண்டும் வளர்வதில்லை. கேட்டு முடித்தபின் காதில் 'ஞொய்' என்ற ஒலியோ அடைப்பு உணர்வோ இருந்தால், ஒலி அளவு மீறியது என்பதற்கு அது அறிகுறி. அது நீடித்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தேர்வு செய்யும் முறை

சென்னையில் ரிச்சி தெரு போன்ற மின்னணுச் சந்தைகளிலும் இசைக்கருவிக் கடைகளிலும் ஹெட்போன்கள் கிடைக்கின்றன. அணிந்து பார்க்க அனுமதிக்கும் கடையில் வாங்குவது நல்லது. கடையில் செய்யக்கூடிய சோதனைகள்:

1. பாட்டு எதுவும் இல்லாமல் அணிந்து, கடையின் இரைச்சல் எவ்வளவு குறைகிறது என்று கவனித்தல். வழக்கமாக அணியும் கண்ணாடி, தோடு ஆகியவற்றுடனேயே சோதிக்க வேண்டும்.
2. தவில் அல்லது மிருதங்கத்தின் தொப்பி ஒலி உள்ள பாட்டைக் கேட்டபடி, இரு கிண்ணங்களையும் விரலால் மெல்ல அழுத்துதல். அழுத்தும்போது தாழ்ந்த ஒலி சட்டென்று கூடினால், இயல்பு நிலையில் அடைப்பு சரியில்லை என்று பொருள்.
3. பாட்டை ஓடவிட்டு, ஹெட்போனை அணிந்தவருக்கு ஒரு சாண் தூரத்தில் கைபேசியில் குரல் பதிவு செய்து கேட்டல். கசிவு இதில் தெரிந்துவிடும்.
4. குறைந்தது 15 நிமிடமாவது அணிந்திருத்தல். அழுத்தமும் வெப்பமும் உடனே தெரிவதில்லை.
5. திண்டும் கம்பியும் தனியே வாங்கி மாற்றக்கூடியவையா என்று கேட்டறிதல்.

மின்மறுப்பையும் பார்க்க வேண்டும். கைபேசி, மடிக்கணினியில் நேரடியாக இணைக்க 32 முதல் 80 ஓம் வரையிலானவை பொதுவாக ஏற்றவை. 250 ஓம் கொண்டவற்றைக் கைபேசியில் இணைத்தால் ஒலி போதாமல் போகலாம். அவற்றுக்குத் தனிப் பெருக்கியோ ஆடியோ இன்டர்பேஸோ தேவை. பல புதிய கைபேசிகளில் 3.5 மி.மீ. துளை இல்லாததால் யு.எஸ்.பி. மாற்றியும் வேண்டியிருக்கும்.

பதிவுக் கூடங்களில் நன்கு அறியப்பட்ட சில மாதிரிகள்:

• சோனி எம்.டி.ஆர்.-7506 – 1991 முதல் விற்பனையில் உள்ளது, 63 ஓம், மடக்கலாம், சுருள் கம்பி கழற்ற முடியாதது.
• பேயர்டைனமிக் டி.டி. 770 புரோ – 32, 80, 250 ஓம் வடிவங்களில் கிடைப்பது, துணித் திண்டு கொண்ட வடிவங்கள் வெப்பத்துக்கு இதமானவை, மடக்க முடியாது.
• ஆடியோ-டெக்னிகா ஏ.டி.எச்.-எம்50எக்ஸ் – 38 ஓம், மடக்கலாம், கம்பியைக் கழற்றலாம்.
• சென்ஹைசர் எச்.டி. 25 – 70 ஓம். காதின் மேல் அமர்வது. எடை குறைவு, பிடிப்பு இறுக்கம்.

ஒன்றே வாங்க இயலும் எனில், மடக்கக்கூடிய, கழற்றத்தக்க கம்பியுள்ள, 80 ஓமுக்கு உட்பட்ட ஹெட்போன் இரண்டுக்கும் பொருந்தும். அடிக்கடி விமானத்தில் செல்பவர் பதிவுக்குக் கம்பியுள்ள ஒன்றையும், பயணத்துக்கு இரைச்சல் நீக்கும் ஒன்றையும் தனித்தனியே வைத்துக்கொள்வது சிறந்தது.

பெயர்பெற்ற மாதிரிகளுக்குப் போலிகள் உள்ளன. ரசீது, உத்தரவாத அட்டை, வரிசை எண் ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். கம்பியில்லா ஹெட்போன்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் பொருளிலோ பெட்டியிலோ இருக்க வேண்டும்.

பராமரிப்பு

சென்னையின் வியர்வையும் ஈரப்பதமும் செயற்கைத் தோல் திண்டை விரைவில் உரியச் செய்கின்றன. தலையில் தேய்க்கும் தேங்காய் எண்ணெயும் அதைக் கெடுக்கும். பயன்படுத்தியபின் உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவைக்கக் கூடாது. திண்டு உரிந்தாலோ தட்டையானாலோ அடைப்பு போய்விடும். தாழ்ந்த ஒலி குறையும், கசிவு கூடும். டிரைவர் பழுதாகிவிட்டது என்று கருதிப் பலர் புதிய ஹெட்போன் வாங்குவதுண்டு. திண்டை மட்டும் மாற்றினாலே பெரும்பாலும் பழைய ஒலி திரும்பிவிடும்.

வரம்புகள்

மூடிய கிண்ணத்துக்குள் ஒலி எதிரொலிப்பதால் தாழ்ந்த ஒலிகள் சில மாதிரிகளில் மிகையாகக் கேட்கும்; இசை தலைக்குள்ளேயே ஒலிப்பதுபோலத் தோன்றும். எனவே பாடலின் இறுதிக் கலவையை மூடிய ஹெட்போனில் மட்டும் கேட்டு முடிவு செய்வதில்லை; ஒலிபெருக்கியிலும், இயன்றால் திறந்த வகை ஹெட்போனிலும் சரிபார்ப்பர்.