மழை பெய்யாத அறை

அறைக்குள் வளரும் செடிக்கு என்ன கிடைப்பதில்லை என்று கேட்டால் வெயில் என்பார்கள். அதற்கு எல்.இ.டி. விளக்கு வந்துவிட்டது. தண்ணீருக்குக் குழாய், சத்துக்கு உரக்கரைசல், சூட்டைத் தணிக்க ஏ.சி. என்று எல்லாவற்றுக்கும் மாற்று உண்டு. மழைக்கு மட்டும் யாரும் மாற்று வைப்பதில்லை; வேருக்குத்தான் நீர் போகிறதே என்ற நினைப்பு. மழை வேருக்காக மட்டும் பெய்வதில்லை. இலையை அறைந்து, அதில் ஒட்டிக்கிடப்பதை உதறித் தள்ளிவிட்டுத்தான் மண்ணுக்கு இறங்குகிறது. அந்த அடி விழாத இலைகள் எங்கெல்லாம் வரிசை வரிசையாக இருக்கின்றனவோ அங்கெல்லாம் சிலந்திப்பேனும் இருக்கிறது: ஜப்பானின் ஸ்ட்ராபெரிக் கூடம், நெதர்லாந்தின் வெள்ளரிக் கண்ணாடி வீடு, ஓசூர்ப் பக்கத்து ரோஜா பாலிஹவுஸ்.

சிலந்திப்பேனை நம் விவசாயிகள் செம்பேன் என்பார்கள். அதன் வகைகளில் உலகம் முழுக்கத் தொல்லை தருவது இரட்டைப்புள்ளிச் சிலந்திப்பேன். அறிவியல் பெயர் டெட்ரானிகஸ் உர்டிகே. நீளம் அரை மில்லிமீட்டர். பூச்சி அல்ல, எட்டுக் கால் கொண்டது, சிலந்திக்கும் உண்ணிக்கும் உறவு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட செடி வகைகளில் பிழைக்கும். இலையின் அடிப்பக்கத்தில் உட்கார்ந்து, ஊசி போன்ற வாயுறுப்பைச் செலுத்தி, செல் செல்லாக உறிஞ்சும். நிமிடத்துக்கு ஏறக்குறைய 20 செல்கள் காலியாகும். பச்சையம் போன இடங்கள் இலையின் மேற்பக்கத்தில் ஊசிமுனைப் புள்ளிகளாக வெளுத்துத் தெரியும். சத்துக்குறைவு என்று எண்ணி உரத்தைக் கூட்டுகிறவர்கள் உண்டு. தழைச்சத்து ஏறிய இலை பேனுக்கு இன்னும் நல்ல சாப்பாடு. நுனிக்கிளையில் நூலாம்படை கண்ணில் படும்போது, தடுப்பு என்ற பேச்சுக்கே காலம் கடந்திருக்கும்.

காரணம் வேகம். முட்டை முழுப்பேனாக 15 டிகிரி செல்சியஸில் ஐந்து வாரம் ஆகிறது. 20 டிகிரியில் 16, 17 நாள். 30 டிகிரியில் ஒரு வாரத்துக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். விளக்குக்கு அருகே இருக்கும் மேல் இலைகள் அறையின் சராசரியைவிடச் சூடாக இருக்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சுவரில் மாட்டிய வெப்பமானி 25 காட்டிக்கொண்டிருக்கும். பேன் வேறொரு வெப்பநிலையில் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கும். குளிர்நாடுகளில் பகல் குறுகும்போது பெண் பேன்கள் ஆரஞ்சுச் சிவப்பாக மாறி, தீனியை நிறுத்தி, விரிசல்களில் போய் ஒடுங்கும். கதகதப்பும் நீண்ட பகலும் என்றைக்கும் இருக்கும் அறையில் அந்த ஓய்வுகூட அதற்குத் தேவைப்படுவதில்லை.

இனி, ஒரே ஒரு பேன் உள்ளே வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அதுவும் ஆணோடு சேராத பெண். ஒன்றுதானே என்று விட முடியாது. கருவுறாத முட்டைகளையும் அது இடும். அவை எல்லாம் ஆணாகப் பொரியும். அந்த மகன்களில் ஒன்றோடு தாயே கூட முடியும். அதற்குப் பிறகு இடும் முட்டைகளில் பெரும்பாலானவை பெண். ஆக, பத்து வந்தால்தான் ஆபத்து, ஒன்று வந்தால் பரவாயில்லை என்ற கணக்கு இந்த உயிரிடம் செல்லாது.

எப்படி வருகிறது? முதல் வழி நாற்று. நர்சரியிலிருந்து வாங்கி வந்த அன்றே புதுச் செடியைப் பழைய செடிகளோடு வைப்பதைப் போன்ற தவறு இந்தத் தொழிலில் இல்லை. முட்டை கண்ணுக்குத் தெரியாது, பல மருந்துகளுக்கு அசையாது. அது பொரிந்து நடமாடும் காலம்வரை, இரண்டு மூன்று வாரம், புதுச் செடி வேறு அறையில் இருக்க வேண்டும். இரண்டாவது வழி மனிதர்கள். காலையில் வெளித்தோட்டத்தில் களை பிடுங்கிவிட்டு அதே சட்டையோடு உள்ளே நுழைகிறவர் பேனுக்கு வாகனம். சுத்தமான அறையில் வேலை முடித்துவிட்டுத்தான் மற்ற இடத்துக்குப் போக வேண்டும். திரும்பி வரக் கூடாது. மூன்றாவது, காற்று. செடியில் நெருக்கடி அதிகமானால் பேன்கள் உச்சிக்கு ஏறி, முன்கால்களைத் தூக்கி நின்று, காற்று எடுத்துச்செல்லக் காத்திருக்கும். காற்றை உள்ளிழுக்கும் மின்விசிறிக்கு வெளியே களை மண்டிக்கிடந்தால் அது நாமே வைத்த வரவேற்பு. மஞ்சள் ஒட்டுப்பொறி தொங்கவிட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒரு தகவல்: சிலந்திப்பேனுக்கு இறகு கிடையாது. அந்த அட்டை வெள்ளை ஈயை எண்ணிக்கொண்டிருக்கும். பேனைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

பேனைப் பிடிக்கப் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் போதும். வாரம் ஒருமுறையாவது, கதவருகிலும் விளக்கருகிலும் ஹீட்டர் பக்கத்திலும் உள்ள செடிகளில் அடி இலைகளைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அல்லது வெள்ளைத் தாளை ஏந்தி இலையைத் தட்டலாம். விழுந்த தூசியில் எது நடக்கிறதோ அதுதான் பேன். நீர் வாடிய செடியும் தூசி படிந்த இலையும் அதற்குப் பிடித்தவை. அறை வறண்டிருந்தால் அது இன்னும் வேகமாகத் தின்னும். உறிஞ்சிய நீரை ஆவியாக்கிவிட்டு மறுபடி உறிஞ்ச முடிகிறது அல்லவா? இதைக் கேட்டதும் அறையை நீராவிக் குளியல் அறையாக்கி விடுகிறவர்கள் உண்டு. பேனுக்குப் பயந்து பூஞ்சையை அழைக்கும் வேலை அது. இளஞ்செடிகளின் இலையடியை அவ்வப்போது தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது, இல்லாத மழைக்கு ஓரளவு ஈடு. காலையில் கழுவி, இரவுக்குள் இலை உலர்ந்துவிட வேண்டும்.

மருந்து? சிலந்திப்பேனுக்கு எதிராக மருந்தை மட்டும் நம்பியவர்களின் வரலாறு நன்றாக இல்லை. 90க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களுக்கு எதிர்ப்பாற்றல் பெற்றதாகப் பதிவான உயிர் இது. இந்தப் பட்டியலில் இதை மிஞ்ச ஆள் இல்லை. அதன் மரபணுத் தொகுதியை 2011இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். சுமார் 9 கோடி எழுத்துகள். அதுவரை படிக்கப்பட்ட கணுக்காலிகளில் மிகச் சிறியது. ஆனால் நஞ்சை உடைக்கும் மரபணுக் குடும்பங்கள் அதில் பெருத்துக் கிடந்தன. பாக்டீரியா, பூஞ்சை போன்ற வேற்று உயிர்களிடமிருந்து தொற்றிக்கொண்ட மரபணுக்களும் இருந்தன. ஆயிரம் செடிகளின் ஆயிரம் நஞ்சுகளைத் தின்று பழகியதற்கு நம் புட்டிகள் பெரிய விஷயமாக இல்லை. சில மருந்துகள் எதிர்வேலையும் செய்கின்றன. பைரித்ராய்டு வகை அடித்தால் பேனைத் தின்னும் உயிர்கள்தான் முதலில் சாகின்றன. இமிடாகுளோபிரிட் அடித்த செடியில் பேன் வழக்கத்தைவிட அதிகம் முட்டையிட்டதாக ஆய்வுகள் உண்டு. வேப்பெண்ணெய், சோப்புக்கரைசல் போன்றவற்றுக்கு இந்தக் குற்றச்சாட்டு இல்லை. ஆனால் மேலே பட்டால்தான் வேலை செய்யும். இலையின் மேற்பக்கத்தில் தெளித்துவிட்டு அடிப்பக்கத்துப் பேன் சாகவில்லை என்று குறைப்படுவதில் அர்த்தமில்லை.

அது ஏன் எப்போதும் அடிப்பக்கத்தில்? இந்தக் கேள்விக்கு ஒரு பதில் ஜப்பானிலிருந்து வந்தது. சூரிய ஒளியின் புற ஊதா பி கதிர் சிலந்திப்பேனின் முட்டைகளைக் கொல்கிறது. இலை அதற்குக் குடை. கண்ணாடி இந்தக் கதிரை உள்ளே விடுவதில்லை; வழக்கமான எல்.இ.டி.யில் அது கிடையவே கிடையாது. மழையைப் போல, அறை தொலைத்துவிட்ட இன்னொரு காவல் இது. ஜப்பானின் ஸ்ட்ராபெரிக் கூடங்களில் இரவில் சிறிது நேரம் புற ஊதா பி விளக்கை எரியவிட்டு, தரையில் ஒளியைத் திருப்பியடிக்கும் விரிப்பைப் போட்டு, கதிரை இலையின் அடிக்கு அனுப்புகிறார்கள். ஏன் இரவில்? கதிரால் சிதைந்த டி.என்.ஏ.வைப் பகல் வெளிச்சத்தின் உதவியால் பேன் சரிசெய்துகொள்ளும். இருட்டில் அந்த வசதி இல்லை. வீட்டில் செய்து பார்க்கத் தோன்றினால் ஒரு எச்சரிக்கை: நம் கண்ணுக்கும் தோலுக்கும் அந்தக் கதிர் கெடுதல்.

அறை தொலைத்த மூன்றாவது காவல் எதிரிகள். இங்கேதான் கதை எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறது. 1958இல் சிலி நாட்டிலிருந்து ஜெர்மனிக்குப் போன ஆர்க்கிட் செடிகளில் ஓர் ஆரஞ்சு நிறப் பேன் ஒட்டிக்கொண்டு போனது. டோஸ்ஸே என்ற ஆய்வாளர் அதைக் கவனித்தார். அது செடியைத் தொடாமல், சிலந்திப்பேனை மட்டும் துரத்தித் தின்றது. இன்று அதன் பெயர் பைட்டோசெயுலஸ் பெர்சிமிலிஸ். நெதர்லாந்தில் வெள்ளரி பயிரிட்டுவந்த யான் கோப்பர்ட், பூச்சிமருந்து தன் உடலுக்கு ஒத்துக்கொள்ளாமல் வேறு வழி தேடியபோது இந்த வேட்டைப் பேனிடம் வந்து சேர்ந்தார். 1967இல் அவர் தொடங்கிய நிறுவனம் இன்று பல நாடுகளுக்கு இத்தகைய உயிர்களைப் புட்டியில் அடைத்து அனுப்புகிறது.

இந்த வேட்டைக்காரனுக்குக் கண் கிடையாது. பிறகு எப்படி இரையைக் கண்டுபிடிக்கிறது? 1980களில் நெதர்லாந்தின் மார்செல் டிக்கே, மாரிஸ் சாபெலிஸ் இருவரும் நம் சந்தையில் டபுள் பீன்ஸ் என்று விற்கும் அதே அவரை இனத்தை வைத்துச் சோதித்தார்கள். பேன் கடித்த செடி ஒரு வாசனைக் கலவையை வெளிவிடுகிறது. கிளை பிரியும் குழாயில் விட்டால் வேட்டைப் பேன் அந்த வாசனைப் பக்கமே நடந்தது. ஆளை அழைப்பது செடிதான்.

ஆனால் ஆள் வந்தால் போதாது, பிழைக்கவும் வேண்டும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே போனால் அதன் முட்டைகள் சுருங்கத் தொடங்கும். மிதமான வெப்பத்தில் சிலந்திப்பேனைவிட வேகமாகப் பெருகும் அது, 30 டிகிரியைத் தாண்டி வறட்சியும் சேர்ந்தால் பின்தங்கிவிடும். ஏப்ரல், மே மாதத்துத் தமிழ்நாட்டு பாலிஹவுஸுக்கு இது சிறிய நிபந்தனை அல்ல. அத்தகைய இடத்துக்கு நியோசெயுலஸ் கலிபோர்னிகஸ் என்ற இன்னொரு வகை பொருத்தம். சூட்டையும் வறட்சியையும் கூடுதலாகத் தாங்கும், இரை இல்லாதபோது மகரந்தத்தைத் தின்று காத்திருக்கும். பெர்சிமிலிஸுக்கு அந்தப் பொறுமை கிடையாது. சிலந்திப்பேன் தீர்ந்தால் அதுவும் பட்டினியில் தீர்ந்துவிடும்.

அந்தச் சிக்கலுக்கு 1960களின் பிரிட்டனில் ஒரு வழி கண்டார்கள். பேன் தானாக வந்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும். வேட்டைக்காரன் ஒரு மூலையில் பசித்துச் சாகும், எதிர் மூலையில் செடி கருகும். அதனால் வெள்ளரி நட்ட சில நாளில், விவசாயி தன் கையாலேயே எல்லாச் செடிகளிலும் சமமாகச் சிலந்திப்பேனை விட வேண்டும். இலைகள் லேசாகப் புள்ளியிட்டதும் வேட்டைக்காரனை விட வேண்டும். ஆய்வாளர்களின் கணக்கு சரியாகவே வேலை செய்தது. காசு கொடுத்துப் பேனை வாங்கிச் சுத்தமான பயிரில் விடுங்கள் என்று விவசாயிகளைச் சம்மதிக்கவைப்பதுதான் அதைவிடக் கடினமாக இருந்தது.