கால் வாட்டில் கடல் தாண்டி

உங்க வீட்டு ஜீரோ வாட் பல்பு எவ்வளவு மின்சாரம் எடுக்கும்? அதைவிடக் குறைவான சக்தியில ஒரு ரேடியோ செய்தியைக் கடல் கடந்து அனுப்ப முடியுமா?

முடியுங்க! பொழுதுபோக்கா ரேடியோ கருவிகளை இயக்குற ஹாம் வானொலி ஆர்வலர்கள் இதை தினமும் செய்றாங்க. அதுக்குக் கைகொடுக்கிறது 2008-ல வந்த 'விஸ்பர்' என்கிற டிஜிட்டல் முறை. உருவாக்கினவர் அமெரிக்காவின் ஜோ டெய்லர். சின்ன வயசிலிருந்தே ஹாம் ரேடியோ பிரியர். விண்மீன்களிடமிருந்து வர்ற மெல்லிய ரேடியோ துடிப்புகளை ஆராய்ந்து, இயற்பியலுக்கான நோபல் பரிசே வாங்கினவர்!

சூட்சுமம் எதுல தெரியுமா? நிதானத்துல. அனுப்புறவரோட அடையாளமான அழைப்புக் குறி, அவர் இருக்கிற இடம், அனுப்பும் சக்தி, இவ்வளவுதான் செய்தி. நாம ஒரு மூச்சில சொல்லி முடிக்கிற அந்த விவரத்தை, விஸ்பர் கிட்டத்தட்ட ரெண்டு நிமிஷம் இழுத்து இழுத்து அனுப்பும். அனுப்புறவரும் கேட்கிறவரும் கடிகாரத்தைச் சரியா வச்சிருக்கணும், அது ரொம்ப முக்கியம். நம்ம காதுக்கு வெறும் இரைச்சல்தான் கேட்கும். ஆனா கணினி அந்த இரைச்சலுக்குள்ளேருந்து செய்தியைப் பிரிச்சு எடுத்துடும். யார் கேட்டாலும் அந்தத் தகவல் உடனே இணையத்துல பதிவாகிடும். அனுப்பினவர் சில நிமிஷத்துல உலக வரைபடத்தைத் திறந்து, தன் சிக்னல் எந்தெந்த நாடு வரைக்கும் போச்சுன்னு பார்த்துக்கலாம்.

இன்னொரு அழகான விஷயம்: சூரிய ஒளியில இயங்குற குட்டி விஸ்பர் கருவிகளை பலூன்ல கட்டிப் பறக்க விடுறாங்க. அதுல சில பலூன்கள் உலகத்தையே சுற்றி வந்திருக்கு!