4 டிகிரியில் உறைந்தது எது?

ஒன்பதாம் வகுப்பில் திரவ அழுத்தம் நடத்தும்போது, மெக்சிகோ வளைகுடாவில் 2010 ஏப்ரலில் நடந்த எண்ணெய்க் கிணறு விபத்தைச் சொன்னேன். வெடிப்பில் 11 பேர் இறந்தார்கள். கடலடியில் பீறிட்ட எண்ணெயைப் பிடிக்க, மே மாதம் ஏறத்தாழ 100 டன் எடையுள்ள இரும்புக் கூண்டை 1500 மீட்டர் ஆழத்தில் இறக்கினார்கள். பனிக்கட்டி போன்ற பொருள் உள்ளே அடைத்துக்கொண்டதால் முயற்சி தோற்றது.

"அங்க எத்தனை டிகிரி, டீச்சர்?" என்று கேட்டாள் ஒரு மாணவி.

"4 அல்லது 5 இருக்கும்."

"0 டிகிரிலதானே தண்ணி உறையும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "நாளைக்குச் சொல்கிறேன்" என்றேன்.

அன்றிரவு படித்துத் தெரிந்துகொண்டேன். அது பனிக்கட்டி அல்ல, வாயு ஹைட்ரேட். அதிக அழுத்தத்தில் நீர் மூலக்கூறுகள் கூண்டுபோல் இணைந்து, மீத்தேனை உள்ளே அடைத்துக்கொள்கின்றன. இதனால் 0 டிகிரிக்கு மேலும் அது திண்மமாக இருக்கும். இயற்கை எரிவாயுக் குழாய்களை அடைப்பது இதுவே என்று ஹாமர்ஷ்மிட் 1934-இல் காட்டினார்.

மறுநாள் வரைபடத்தாள் கொடுத்தேன். கிடை அச்சில் வெப்பநிலை, செங்குத்து அச்சில் அழுத்தம். மீத்தேன் ஹைட்ரேட் உருவாகத் தேவையான அழுத்தம் 0 டிகிரியில் ஏறத்தாழ 26 வளிமண்டல அழுத்தம். 4 டிகிரியில் 39. 10 டிகிரியில் 70. மூன்று புள்ளிகளையும் இணைத்தார்கள். கோட்டுக்கு மேலே இருந்தால் அடைப்பு வரலாம். கீழே இருந்தால் வராது. பிறகு 1500 மீட்டர் ஆழத்தின் அழுத்தத்தை hρg கொண்டு கணக்கிட்டார்கள். சுமார் 150 வந்தது. அந்தப் புள்ளி கோட்டுக்கு வெகு மேலே விழுந்தது. கடல் உப்பு கோட்டைச் சற்றே நகர்த்தும், அது போதாது.

"சரி, எப்படித் தடுப்பது?" என்றேன். வரைபடத்தைப் பார்த்தே மூன்று வழி சொன்னார்கள்: வாயுவிலிருந்து ஈரத்தை நீக்கலாம், குழாயைச் சூடாக வைக்கலாம், அழுத்தத்தைக் குறைக்கலாம். தொழிற்சாலைகளிலும் இவையே நடக்கின்றன. ஈரத்தை உறிஞ்சக் கிளைக்கால் பயன்படுகிறது. நான்காவதை நான் சொன்னேன்: மெத்தனால் செலுத்துவது. பனிக்கட்டியில் உப்பைத் தூவினால் அது 0 டிகிரிக்குக் கீழேயும் உருகுவதுபோல, மெத்தனாலும் ஹைட்ரேட் உருவாகும் வெப்பநிலையைக் கீழே தள்ளுகிறது. மெக்சிகோ வளைகுடாவில் பின்னர் இறக்கிய மூடியில் மெத்தனால் செலுத்தும் ஏற்பாடும் இருந்தது.

"நீர் 0 டிகிரியில் உறையும்" என்று இத்தனை ஆண்டுகள் நிபந்தனை சொல்லாமலே நடத்தியிருக்கிறேன். இப்போது "தூய நீர், சாதாரண வளிமண்டல அழுத்தத்தில்" என்பதையும் சேர்த்தே கரும்பலகையில் எழுதுகிறேன்.