ஸ்பானிஷ் வாக்கியத்துக்கு ஒரு தமிழ்ச் சாவி

கல்லூரியில் ஸ்பானிஷ் படிக்கும் என் மகள், சென்ற மாதம் ஆசிரியை திருத்திக் கொடுத்த கட்டுரையை என் முன்னால் வைத்தாள். 'நான் பேசிய பெண்' என்று மனதில் நினைத்து, 'லா சிகா கே ஆப்லே' என்று எழுதியிருந்தாள். ஆசிரியை அதைச் சிவப்பு மையில் சுழித்து, "அவளோடு பேசினாயா, அவளைப் பற்றிப் பேசினாயா?" என்று கேட்டிருந்தார்.

"தமிழ்ல யோசிக்கறதாலதாம்ப்பா இந்தத் தப்பு வருது. இனிமே இங்கிலீஷ்லயே யோசிச்சுக்கறேன்" என்றாள் மகள். தில்லியில் பிறந்த பெண் தமிழில் யோசிக்கிறாளே என்று மகிழ்வதா, அதை விடப் போகிறாளே என்று வருந்துவதா? அவளுக்குத் துணையாக நானும் ஒரு வருடமாக அந்தப் பாடப் புத்தகத்தைப் புரட்டி வருகிறேன். இருவருமாக உட்கார்ந்து பார்த்ததில் தெளிந்ததை, ஸ்பானிஷ் படிக்கும் நம் பிள்ளைகளுக்காக இங்கே எழுதுகிறேன்.

'நான் எழுதும் பேனா', 'நான் எழுதும் மேசை', 'நான் எழுதும் விஷயம்' என்கிறோம். பேனாவால் எழுதுகிறோம், மேசையில் எழுதுகிறோம், விஷயத்தைப் பற்றி எழுதுகிறோம். ஆனால் 'எழுதும்' என்ற பெயரெச்சம் வந்ததும் 'ஆல்', 'இல்', 'பற்றி' எல்லாம் மறைந்துவிடுகின்றன. கேட்பவர் தாமே புரிந்துகொள்கிறார். ஸ்பானிஷில் அப்படி மறைக்க முடியாது:

லா ப்ளுமா கோன் லா கே எஸ்க்ரீபோ (பேனா)
லா மேசா என் லா கே எஸ்க்ரீபோ (மேசை)
எல் தேமா சோப்ரே எல் கே எஸ்க்ரீபோ (விஷயம்)

மேசை நமக்குப் போர்ச்சுகீசியரிடமிருந்து வந்த சொல். ஸ்பானிஷிலும் அது மேசாதான். 'கோன்' என்றால் ஆல் அல்லது ஓடு, 'என்' என்றால் இல், 'சோப்ரே' என்றால் பற்றி. முதலில் இந்த உருபுச் சொல், பிறகு பெயரின் பாலையும் எண்ணையும் காட்டும் எல், லா, லோஸ், லாஸ் ஆகியவற்றில் ஒன்று, கடைசியில் 'கே'. வரிசை இதுதான். 'தே'யும் 'எல்'லும் சேர்ந்தால் 'தெல்'. 'ஆ'வும் 'எல்'லும் சேர்ந்தால் 'அல்'. மனிதரானால் 'கோன் கியேன்' என்றும், இடமானால் 'தோந்தே' என்றும் சொல்லலாம். 'லா குவால்', 'எல் குவால்' என்பவை ஏட்டு நடை.

ஆங்கிலத்தில் யோசித்தால் தப்பிக்கலாமா? அங்கே 'வித்' என்பதை வாக்கியத்தின் கடைசியில் விட்டுவிடுவது சகஜம். ஸ்பானிஷில் அப்படி விடவே கூடாது. ஆகவே அதுவும் தவறில்தான் கொண்டுவிடும்.

வழி தமிழிலேயே இருக்கிறது. 'நான் பேசிய பெண்' என்பதை 'எந்தப் பெண்ணோடு பேசினேனோ, அந்தப் பெண்' என்று மாற்றிப் பாருங்கள். மறைந்திருந்த 'ஓடு' வெளியே வந்துவிட்டது! அதுதான் 'கோன்'. நம் பிள்ளைகள் தெருவில் பேசும் ஹிந்தியும் இதற்கு உதவும். 'ஜிஸ் லட்கீ ஸே மைனே பாத் கீ' என்பதில் 'ஸே' தானாகவே வந்து நிற்கிறது. எந்த வாக்கியமானாலும் 'எந்த', 'அந்த' போட்டு மாற்றிக்கொண்டு, பிறகு ஸ்பானிஷுக்குப் போனால் தவறு வராது.

மகள் 'லா சிகா கோன் லா கே ஆப்லே' என்று திருத்தி எழுதினாள். பயிற்சிக்காக நான் இன்னொன்று கொடுத்தேன்: 'நாங்கள் வந்த ஊர்.'

சற்று யோசித்துவிட்டு, "எந்த ஊருப்பா? எந்த ஊர்லேருந்து வந்தோமோ அதுவா, எந்த ஊருக்கு வந்தோமோ அதுவா?" என்று கேட்டாள்.

முன்னதற்கு 'லா சியுதாத் தே லா கே வினிமோஸ்', பின்னதற்கு 'லா சியுதாத் ஆ லா கே வினிமோஸ்'. முதலாவது எனக்குக் கும்பகோணம், இரண்டாவது தில்லி. ஸ்பானிஷில் எழுத ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். தமிழில் இரண்டு ஊரும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. அதை மகளிடம் சொன்னேன். தமிழில் யோசிப்பதை விடப் போவதாக அவள் அதன்பின் சொல்லவில்லை.