கோபுரம் இல்லாமல் பேசும் கருவி

2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை கொட்டியது. தென்பெண்ணை கரைபுரண்டது. கோலியனூரில் எங்கள் தெருவில் முதலில் மின்சாரம் நின்றது; பின்னர்க் கைபேசியும் ஊமையாயிற்று. இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் தனியாக இருந்த என் தாயாரின் நிலையை அறிய, முழங்கால் நீரில் ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. "அப்பா, ஆயாவிடமும் கைபேசி இருக்கிறது, நம்மிடமும் இருக்கிறது. பிறகு ஏன் பேச முடியவில்லை?" என்று என் மகள் கேட்டாள். நல்ல கேள்வி அல்லவா?

ஒரு கைபேசி மற்றொரு கைபேசியுடன் நேராகப் பேசுவதில்லை. அது அருகிலுள்ள கோபுரத்துடன்தான் பேசுகிறது. கோபுரத்திற்கு மின்சாரம் இல்லையேல், அடுத்த வீட்டாருடன்கூடப் பேச இயலாது. ஆனால், காவலர் கையில் நாம் காணும் 'வாக்கி டாக்கி' போன்ற கருவிகள் இரண்டு, கோபுரம் ஏதுமின்றியே ஒன்றோடொன்று பேசவல்லவை.

இக்கருவியினுள் வானொலி அலைகளை அனுப்பும் பகுதியும் ஏற்கும் பகுதியும் உள்ளன. இரண்டிற்கும் ஆன்டெனா ஒன்றே. பொத்தானை அழுத்தினால் அனுப்பும் பகுதி இயங்கும். விட்டால் ஏற்கும் பகுதி இயங்கும். ஆகவே ஒரே வேளையில் இருவரும் பேச முடியாது. ஒருவர் பேசி முடித்து 'ஓவர்' என்று சொல்வது, "இனி நீங்கள் பேசலாம்" என்பதற்காகவே. இரண்டாம் உலகப் போரில் வீரர்கள் முதுகில் சுமந்த இத்தகைய கருவியின் எடை சுமார் 16 கிலோகிராம். இன்று அது சட்டைப்பையில் அடங்கிவிடுகிறது.

இது எவ்வளவு தூரம் எட்டும்? பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் தூரத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். இவ்வலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை, பூமியோ உருண்டை. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1ஆல் பெருக்குங்கள். அலை எட்டும் அடிவானத்தின் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். தரையில் நிற்பவர் கையில் ஆன்டெனா 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தால் விடை 5. அப்படி இருவர் நின்றால் 5 + 5 = 10 கி.மீ. ஒருவர் மாடியில் 9 மீட்டர் உயரத்திற்கு ஏறினால் 12 + 5 = 17 கி.மீ. செஞ்சி இராஜகிரி உச்சி சுமார் 240 மீட்டர் உயரம். அங்கிருந்து அடிவானம் 60 கி.மீ.க்கும் அப்பால்!

ஆனால் இவை தடையற்ற வெளிக்கு உரிய கணக்குகள். வீடுகளும் தோப்புகளும் அலைகளை விழுங்குகின்றன. ஈர இலைகள் இன்னும் அதிகமாக விழுங்கும். எனவே ஊருக்குள் ஓரிரு கிலோமீட்டர் எட்டினாலே நல்லது. ஆற்றலைக் கூட்டுவதைவிட உயரத்தைக் கூட்டுவது பெரும்பாலும் நல்ல பலன் தரும். கருவியைப் படுக்கையாகப் பிடிக்காமல் செங்குத்தாகப் பிடியுங்கள். பொத்தானை அழுத்தி ஒரு விநாடி கழித்துப் பேசத் தொடங்குங்கள். இல்லையேல் முதற்சொல் போய்ச் சேராது. கேட்பதைவிடப் பேசும்போது மின்கலம் விரைவில் தீரும்; எனவே சுருக்கமாகப் பேசுங்கள்.

கடல் தாண்டிப் பேச வேறு அலை வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியபோது, பாரதி பிரசாத் என்ற அமெச்சூர் வானொலியாளர் போர்ட் பிளேரில் இருந்தார். அந்தமானின் செய்திகளை அவர் சிற்றலை வழியே வெளியுலகிற்கு அனுப்பினார். சிற்றலைகளை வானின் அயனி மண்டலம் திருப்பி அனுப்புவதால் அவை அடிவானத்தையும் கடக்கின்றன. கையடக்கக் கருவியின் அலைகள் பொதுவாக அவ்வாறு திரும்புவதில்லை.

ஓர் எச்சரிக்கை. எல்லா அலைவெண்களிலும் எவரும் பேசிவிட முடியாது. இந்தியாவில் 446.0 முதல் 446.2 மெகா ஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையில், குறைந்த ஆற்றலுடைய, அரசு ஒப்புதல் பெற்ற கருவிகளுக்கு 2018 முதல் உரிமம் தேவையில்லை. மலிவாகக் கிடைக்கும் கருவிகள் பல வேறு அலைவெண்களிலும் இயங்குபவை. அவை காவல்துறை, மீட்புப் பணி ஆகியவற்றின் பேச்சில் குறுக்கிடக்கூடும். ஆகவே வாங்கும் முன் அலைவெண்ணைப் பாருங்கள். மேலும் கற்க விரும்புவோர் தேர்வு எழுதி அமெச்சூர் உரிமம் பெறலாம்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு கருவியும் என் தாயார் வீட்டில் ஒரு கருவியும் இருக்கின்றன. ஞாயிறு மாலைதோறும் என் மகள் மாடிக்கு ஏறி அழைக்கிறாள். முதல் வாரம் கீழே கூடத்திலிருந்து அழைத்தபோது வெறும் இரைச்சல்தான் வந்தது. மாடிக்குப் போனதும் குரல் தெளிவாகக் கேட்டது. அடுத்த புயலுக்கு முன் எங்கே நின்று பேசவேண்டும் என்பதை நாங்கள் அறிந்துகொண்டோம். "நல்லா இருக்கேன், ஓவர்" என்று சொல்ல எங்கள் ஆயாவும் பழகிக்கொண்டார்.