சித்தப்பாவின் எக்ஸெல், அக்கா மகனின் ரேஸ் கார்... ரெண்டுக்கும் ஒரே கிளட்ச்தான்!

கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் என் சித்தப்பாவுக்குக் காலை நாலரைக்கே வேலை தொடங்கிவிடும். வாழை இலைகளைக் கட்டி, டி.வி.எஸ் எக்ஸெல் 100-ல் ஏற்றி, கன்னடியன் கால்வாய்க் கரைமேட்டில் ஏற வேண்டும். அப்புறம் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் அம்பாசமுத்திரம். கொஞ்சம் தாமதமானாலும் இலை வாங்குகிறவர்கள் வேறு ஆளைப் பார்த்துவிடுவார்கள்.

போன சித்திரையில் ஒரு நாள், அந்த மேட்டில் வண்டி பாதியில் நின்றுவிட்டது. இன்ஜின் அலறுகிறது, சக்கரம் நகரவில்லை. பின்னால் உருளத் தொடங்கிய வண்டியை சித்தப்பா காலை ஊன்றி நிறுத்தினார். இலைக் கட்டு மட்டும் வாய்க்காலில் போனது. அவர் விழாதது அதிர்ஷ்டம்.

அதே வாரம் லீவுக்கு வந்திருந்தான் அக்கா மகன், ப்ளஸ் டூ முடித்தவன். கையில் ஒரு நைட்ரோ ரிமோட் கார். பொம்மை என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். அதுவும் அதே நோயில் படுத்திருந்தது. இன்ஜின் வண்டு மாதிரி கத்துகிறது, கார் மட்டும் தயங்கித் தயங்கி நகர்கிறது. ரெண்டையும் ஒரே நாளில், ஒரே மெக்கானிக் பட்டறையில் கழற்றினோம். உள்ளே இருந்தது ஒரே சமாசாரம்.

எக்ஸெல்லில் கிளட்ச் லீவர் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால், கிளட்ச் உண்டு. நெல்லையப்பர் ஆனித் திருவிழா நேரத்தில் சங்கிலியில் நாற்காலி தொங்கும் ராட்டினம் பார்த்திருப்பீர்கள். மெதுவாகச் சுற்றும்போது நாற்காலி தொங்கிக்கொண்டிருக்கும். வேகம் கூடக் கூட வெளிப்பக்கமாக விரியும். கிளட்ச்சும் அப்படித்தான். இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் கனமான 'ஷூ'க்கள், அவற்றை உள்ளே இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகள், சுற்றிலும் ஒரு டிரம். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் ஷூக்கள் விரிந்து டிரம்மைக் கவ்வும், வண்டி நகரும். விட்டால் ஸ்பிரிங் உள்ளே இழுத்துக்கொள்ளும், வண்டி நிற்கும், இன்ஜின் மட்டும் ஓடும். சுற்று இரண்டு மடங்கானால் வெளியே தள்ளும் விசை நாலு மடங்காகும். அதனால்தான் ஐடிலிங்கில் சாதுவாக நிற்கும் வண்டி, சற்றுத் திருகியதும் சட்டென்று பிடித்துக்கொள்கிறது.

எக்ஸெல் 100 தன் முழு பலத்தைக் காட்டுவது நிமிடத்துக்குச் சுமார் 6,000 சுற்றில். அக்கா மகனின் கார் இன்ஜின் வெறும் மூன்றரை சி.சி. ஆனால், 30,000 சுற்றைத் தாண்டும்!

இந்த இடத்தில் ஒரு சின்னப் பெருமை. டி.வி.எஸ் என்ற பெயருக்குப் பின்னால் இருக்கும் டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1877-ல் பிறந்தது நம்ம திருக்குறுங்குடியில். அந்தக் குழுமம் 1980-ல் ஓசூரிலிருந்து இறக்கிய டி.வி.எஸ் 50, இரண்டு பேர் உட்கார்ந்து போகக்கூடிய இந்தியாவின் முதல் மொபெட். பால் கேன், மீன் கூடை, ஐஸ் பெட்டி, பத்தமடைப் பாய், ஸ்கூல் பிள்ளைகள் மூன்று பேர் என்று எதை வைத்தாலும் இழுத்தது. ஓட்டுகிறவருக்கு ஒரு கை எப்போதும் சுமையைப் பிடிக்க வேண்டியிருந்தது. லீவர் இல்லாத கிளட்ச் அவருக்கு எவ்வளவு பெரிய உதவி!

சரி, சித்தப்பா வண்டிக்கு என்ன ஆனது? மெக்கானிக் ஆயிலை விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது கார் ஆயில்லா? எங்கிருந்து கொண்டாந்து ஊத்தினிய?" என்றார். சித்தப்பா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. தெரிந்தவர் காரில் ஊற்றி மிச்சமிருந்தது, நல்ல விலை உயர்ந்த ஆயில், வீணாக்குவானேன் என்று ஊற்றியிருக்கிறார்.

எக்ஸெல் 100-ல் கிளட்ச் இன்ஜின் ஆயிலிலேயே குளித்தபடி வேலை செய்கிறது. பல கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்திருக்கும். காருக்கு அது நல்லது, மைலேஜ் கூடும். இங்கேயோ உராய்வுதான் வண்டியை நகர்த்துகிறது! ஆயில் டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 'ஜாசோ எம்.ஏ' அல்லது 'எம்.ஏ 2' என்று இருந்தால் ஆயிலில் ஊறும் கிளட்ச்சுக்கு ஏற்றது. 'எம்.பி' என்றிருந்தால் அது ஸ்கூட்டர்களுக்கு, அவற்றின் கிளட்ச் ஆயில் படாமல் காய்ந்த நிலையில் ஓடுவது. வண்டியின் மேனுவலில் என்ன கிரேடு போட்டிருக்கிறதோ அதையே கேட்டு வாங்குங்கள்.

ஆயில் மட்டும் காரணமில்லை. ஷூ லைனிங்கும் தேய்ந்திருந்தது. அதற்குக் காரணம் சித்தப்பாவின் ஒரு பழக்கம். ரயில்வே கேட்டுக்கு முன்னால் மேட்டில் நிற்கும்போது பிரேக் பிடிக்க மாட்டார். ஆக்ஸிலேட்டரை லேசாகத் திருகி, வண்டி முன்னும் போகாமல் பின்னும் போகாமல் 'பேலன்ஸ்' பண்ணுவார். பார்க்க ஸ்டைலாக இருக்கும். அந்த நேரம் முழுக்க ஷூ டிரம்மில் அரைகுறையாக உரசிச் சூடேறிக்கொண்டிருக்கிறது. கிளட்ச்சுக்கு இதைவிடக் கொடுமை வேறில்லை. மேட்டில் நின்றால் பிரேக் பிடியுங்கள். கிளம்பும்போது தயக்கமில்லாமல் திருகி ஏறுங்கள். கிளம்ப மறுத்தால் சுமையில் பாதியை இறக்குங்கள், முக்க விடாதீர்கள்.

வீட்டிலேயே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. காலி வண்டியில் ஒரு முறை, வழக்கமான சுமையோடு ஒரு முறை ஒரே மேட்டில் ஏறிப் பாருங்கள். நெல்லைக்காரர்களுக்கு ஈரடுக்கு மேம்பாலம் இருக்கவே இருக்கிறது. சுமையோடு ஏறும்போது இன்ஜின் சத்தம் மட்டும் கூடி, வேகம் கூடவில்லை என்றால் கிளட்ச் நழுவுகிறது. இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. ஐடிலிங்கில் நிற்கும்போதே வண்டி முன்னால் போகத் துடிக்கும். இதுதான் ஆபத்தானது, வீட்டு வாசலில் குழந்தைகள் இருக்கும்போது நினைத்துப் பாருங்கள். முதலில் ஐடிலிங் கூடுதலாக வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், அதற்குச் செலவே இல்லை. அது சரியாக இருந்தும் துடித்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் அல்லது ஒடிந்திருக்கும்.

பாகம் மாற்றும்போது கஞ்சத்தனம் வேண்டாம். ஷூக்களை செட்டாக, ஸ்பிரிங்குகளையும் செட்டாக மாற்ற வேண்டும். ஒன்று புதுசு, மற்றது பழசு என்றால் ஒரு பக்கம் முந்திக்கொண்டு கவ்வும், கிளம்பும்போது வண்டி நடுங்கும். டிரம்மின் உட்புறத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டுகிற அளவுக்குக் கோடு விழுந்திருந்தாலோ, இரும்பு நீலம் பாரித்திருந்தாலோ அதுவும் மாற்ற வேண்டியதுதான். பழைய ஷூவிலேயே புது லைனிங் ஒட்டித் தருகிறோம் என்பார்கள், மலிவுதான். சுமை வண்டிக்கு எனக்கு அதில் நம்பிக்கையில்லை. சூட்டில் ஒட்டு விட்டுப்போனால் மறுபடியும் கால்வாய் மேடுதான். பழைய பாகத்தைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். இன்னொன்று, ஸ்கூட்டர் கிளட்ச்சைத் திறந்தால் வரும் கறுப்புத் தூசியை வாயால் ஊத வேண்டாம். பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள்.

இனி அக்கா மகனின் கார். அதில் டிரம்முக்குப் பெயர் 'பெல்'. மணி மாதிரி கவிழ்ந்திருக்கும், வெளியே பல்சக்கரம். ஷூ அலுமினியத்திலும் வரும், பிளாஸ்டிக் கலவையிலும் வரும். அலுமினியம் நன்றாகக் கவ்வும், ஆனால் பெல்லைத் தின்றுவிடும். கலவை ஷூ மிருதுவாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். ஸ்பிரிங் கம்பியின் தடிமன் 0.9, 1.0, 1.1 மில்லிமீட்டர் என்று விற்கிறார்கள். தடிமன் கூடினால் கிளட்ச் தாமதமாக, இன்ஜின் நல்ல வேகமெடுத்த பிறகு பிடிக்கும், கார் பாயும். நம்ம ஊர்ப் புழுதி மைதானத்தில் அப்படிப் பாய்ந்தால் சக்கரம் சும்மா சுற்றும். புதிதாக ஓட்டுகிறவருக்கு மெல்லிய ஸ்பிரிங்தான் தோது.

அவன் காரைக் கெடுத்தது ஷூவும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. பெல்லுக்குள் இருக்கும் பொடி பேரிங். கார் நிற்கும்போது பெல்லும் நிற்கிறது, உள்ளே இன்ஜின் தண்டு மட்டும் சுற்றுகிறது. அப்போது பாடுபடுவது பேரிங்தான். அது வறண்டுவிடக் கூடாதென்று பையன் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஆயிலைத் தாராளமாக விட்டிருக்கிறான். ஆயில் தெறித்து ஷூவில் படிந்து, கிளட்ச் வழுக்கியிருக்கிறது. ஒரு துளி போதும். இந்த பேரிங் மலிவு. உடைந்து குண்டுகள் சிதறினால் பெல் ஆடி, பல்சக்கரத்தையும் அரைத்துவிடும், அது மலிவில்லை. கையால் சுற்றும்போது கரகரத்தால் உடனே மாற்றிவிடுவது நல்லது. கழற்றும் முன் ஷூ எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பி மாட்டினால் பிடிமானமே மாறிவிடும்.

பெற்றோருக்கு ஒன்று. இந்தக் கார்களின் எரிபொருளில் மெத்தனால் இருக்கிறது. வாயில் போனால் பார்வை போகும், உயிரும் போகும். பகல் வெளிச்சத்தில் அதன் தீச்சுடர் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. சித்தி அதைக் கேட்ட மறுநிமிடம் அந்த டப்பாவைத் தோட்டத்து ஷெட்டில் வைத்துப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். கார் ஓட்ட வேண்டுமென்றால் சித்தியிடம் மனு போட வேண்டும்.

எக்ஸெல்லுக்குப் புது ஷூ, ஸ்பிரிங், சரியான ஆயில் போட்டு மறுநாள் சாயங்காலம் எடுத்தோம். அதற்கு அடுத்த நாள் காலை அதே மேட்டில், அதே அளவு இலைக் கட்டுடன் ஏறினார் சித்தப்பா. நான் பின்னால் நடந்தே போனேன், எதற்கும் இருக்கட்டும் என்று. வண்டி நிற்கவில்லை. அடுத்த ஆயில் மாற்ற வேண்டிய கிலோமீட்டரை சீட்டுக்கு அடியில் பெயின்ட்டால் எழுதி வைத்திருக்கிறார். ரயில்வே கேட்டில் இப்போது பிரேக் பிடித்துதான் நிற்கிறாராம். அக்கா மகன் சொன்னான், பாதி நாள்தான்!